கேம்பரோடு ஏலகிரிக்கு: முன்பாரமும் ஒரு டேங்க் தண்ணீரும்

காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் குட்டி வீடுதான் கேம்பர் டிரெய்லர். படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் அதற்குள்ளேயே. நம் ஊரில் இன்னும் அபூர்வம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒன்று போனால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்கும் தனிப் பதிவு வேண்டும்.

ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் ஊர்கள் வழியே இதை இழுத்துப் போகிறவர் முதலில் கற்க வேண்டியது முன்பாரம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பிவிடும். கேம்பரிலும் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுந்த வேண்டும். 700 கிலோ வண்டிக்கு 70 கிலோ. சாமான்களைப் பின்னால் அடுக்கினால், ஆம்னி பஸ் முந்தும் காற்றிலேயே வண்டி பாம்பாக நெளியும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பது பெரிய தப்பு. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் ஆட்டம் அடங்கும்.

ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணிக்கு எப்படியும் வண்டி நிற்கும். சாப்பிட உட்காருமுன் சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகில் கை வைத்துப் பார்ப்பது நல்லது. ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கலாம், அல்லது பிரேக் ஒட்டியிருக்கலாம். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டி என்பதால், டயரின் பட்டன் தேயாமலே ரப்பர் வெடித்துவிடும். பக்கவாட்டில் 2322 என்று இருந்தால், 2022-ன் 23-வது வாரத்தில் செய்த டயர்.

கை கழுவும் குழாயிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். தோல் அழுகாமலிருக்க உப்பிடுவார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழுவப்பட்டு வெளியேறும். பல்லாண்டுக் கழிவு பாலாற்றிலும் நிலத்தடியிலும் இறங்கி, கிணறுகள் பல உவர்ந்துவிட்டன. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில் அதே மாசுக்காக மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. உவர்நீர் கேம்பரின் பம்ப்பிலும் குழாயிலும் படிந்து அடைக்கும். பயணி வீட்டுத் தண்ணீரோடு வந்து மறுநாள் போய்விடலாம். கிணற்றுக்குச் சொந்தக்காரர் எங்கே போவார்? ஒன்று, 60 லிட்டர் என்றால் 60 கிலோ. டேங்க் அச்சுக்குப் பின்னால் இருந்தால் முன்பாரத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் (சென்னைக்கு வடக்கே இருப்பதல்ல) ஏலகிரி மலைப்பாதை தொடங்குகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரில். டிரெய்லர் காரைவிட உட்புறமாகத் திரும்பும் என்பதால் வளைவை அகலமாக எடுக்க வேண்டும். அதற்கு எதிரே வண்டி வராமலிருக்க வேண்டும். ஆகவே விடியற்காலையே தோது. முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் வளைவில், இதையும் இங்கேயே விட்டுவிடலாமா என்று சிலருக்குத் தோன்றக்கூடும்.

இறங்கும்போது முதல் வளைவுக்கு முன்பே தாழ்ந்த கியர். பிரேக்கையே நம்பி இறங்கினால் பாதி மலையில் கருகிய வாடை வரும். வந்துவிட்டால், அகலமான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது.