எழுப்புதல் கூட்டமும் ஒரு பிடியரிசிக் கணக்கும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருந்து, இப்போது சென்னை, மும்பை, துபாய் என்று போய்விட்ட அக்கா தங்கைகள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை வாசிக்க வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் கோயில் வளாகத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. பந்தல், 400 நாற்காலி, தெரு முனை வரைக்கும் ஸ்பீக்கர். பேனரில் வழக்கம்போல ஆபகூக் 3:2. நான் ஆயத்த ஜெபக் குழுவில் இருந்தேன். நாற்பது நாள் விடியற்காலை 5 மணிக்குக் கோயிலில் முழங்கால் போட்டோம். ரிட்டயர் ஆனவர்களுக்கு இந்த மாதிரி வேலைகள் தானாகவே வந்து சேரும்.

இரண்டாம் நாள் காலை பெண்கள் கூட்டத்தில், நடந்த எழுப்புதல்களைப் பற்றி அரை மணி நேரம் பேசும்படி ஐயர் என்னிடம் சொன்னார். டீச்சர் என்றால் குறிப்பெடுத்து ஒழுங்காகப் பேசுவார் என்று ஒரு நம்பிக்கை. நானும் பாடக்குறிப்பு எழுதுவதுபோல உட்கார்ந்து எழுதினேன்.

முதலில் நம் பக்கத்து எழுப்புதல். எழுப்புதல் என்றாலே வெள்ளைக்கார நாட்டுச் சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1860 மே மாதம் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கியது ஒன்று உண்டு. அங்கே ஊழியம் செய்த அருளப்பன், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு பழகி, மிஷன் சம்பளம் வாங்காமல் விசுவாசத்தில் வாழ்ந்தவர். அந்த மே மாதத்தில் ஜனங்கள் தங்கள் பாவங்களை வாய்விட்டுச் சொல்லி அழுதார்கள். அது திருநெல்வேலிச் சபைகளுக்கும், பிறகு திருவிதாங்கூர்ப் பக்கமும் பரவியது. வெளியூரிலிருந்து பெரிய பிரசங்கியார் யாரும் வந்து மூட்டிய நெருப்பு அல்ல.

அடுத்து 1904, வேல்ஸ் தேசம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த இவான் ராபர்ட்ஸுக்கு அப்போது வயது 26. அவர் ஜனங்களிடம் கேட்டவற்றில் முதலாவது, தெரிந்த பாவத்தை அறிக்கையிட்டு விடுவது. வருடக்கணக்காக நின்ற கடைக் கடனை ஆட்கள் தேடிப்போய்க் கட்டினார்கள். சுரங்கத்தில் கரிவண்டி இழுத்த குதிரைகள், வண்டிக்காரன் கெட்ட வார்த்தை இல்லாமல் பேசியதால் ஒன்றும் புரியாமல் நின்றன என்று ஒரு கதை சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 1905-ல் வேல்ஸ் மிஷனரிகள் ஊழியம் செய்த காசி மலைச் சபைகளிலும், அதே வருடம் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும், அக்டோபரில் நம் டோனாவூரிலும் எழுப்புதல் வந்தது. டோனாவூரில் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்த முடியாமல் பிள்ளைகள் அழுது ஜெபித்ததைக் கார்மைக்கேல் அம்மையார் எழுதிவைத்திருக்கிறார்.

இதையெல்லாம் எழுதி முடித்து, கடைசியில் சகேயுவைச் சேர்த்தேன். இயேசு ஒருநாள் வீட்டுக்குள் வந்ததும், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றவன். அதற்குமேல் எழுத முடியவில்லை. அந்த நோட்டை மூடிவைத்துவிட்டேன்.

இனிதான் விஷயம்.

2009-ல் நான் சங்கத்தின் பொருளாளர். எங்கள் ஊரில் பிடியரிசிக் காணிக்கை உண்டு. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியாக வைப்பார்கள். தெருவுக்கு ஒருவர் அதை வாங்கிச் சேர்த்து, விற்றுப் பணமாக்கிப் பொருளாளரிடம் தர வேண்டும். தெற்குத் தெருவுக்கு ஓர் அக்கா பொறுப்பு. என்னைவிட நாலு வயது மூத்தவர். பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்.

வருட முடிவில் கணக்கு வாசித்தபோது தெற்குத் தெருவின் 1,850 ரூபாய் வரவில்லை என்று வாசித்தேன். அக்கா எழுந்து, "டீச்சர், ஸ்கூல் வாசல்ல வச்சு ஒங்க கையிலதான தந்தேன்" என்றார். "என் நோட்டில் இல்லையே அக்கா. நான் எழுதாமல் விடுகிற ஆள் இல்லை" என்றேன். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். யாரும் எனக்கு எதிராகப் பேசவில்லை. டீச்சர் கணக்கு தப்பாது அல்லவா? அடுத்த மாதம் அக்கா 1,850 ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். ஆயிரம் பீடி சுற்றினால்தான் அவருக்கு ஒருநாள் கூலி. அதற்குப் பிறகு சங்கத்துக்கு வரவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போனார். சில வருடம் கழித்து, பக்கத்து ஊரில் வேறு சபைக்குப் போகத் தொடங்கினார்.

2016 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். பள்ளி அலமாரியிலிருந்து என் பழைய நோட்டுகளைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான்காம் வகுப்புப் பாடக்குறிப்பு நோட்டு ஒன்றுக்குள் ஒரு கவர் இருந்தது. மேலே பென்சிலால், என் கையெழுத்தில், "தெ. தெரு பி. அ." உள்ளே மூன்று 500, மூன்று 100, ஒரு 50.

அன்றே போயிருக்க வேண்டும். அக்கா வேறு சபைக்குப் போயாகிவிட்டது, பழசைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நவம்பரில் 500 ரூபாய் செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கி வரிசையில் நின்று அந்த மூன்று நோட்டையும் என் கணக்கிலேயே கட்டினேன். முதலில் நடந்தது மறதி. இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

பெண்கள் கூட்டத்தில் நான் நன்றாகத்தான் பேசினேன். சகேயுவை மட்டும் விட்டுவிட்டேன். பல பேர் அழுதார்கள். "டீச்சர், இன்னைக்கு ஆவியானவர் உங்க மூலமாப் பேசினாரு" என்று ஒரு தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரவும் மறு இரவும் எனக்குத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் அர்ப்பணிப்பு ஜெபத்துக்கு எல்லோரையும் முன்னால் அழைத்தார்கள். நாற்பது நாள் எழுப்புதலைத் தாரும் என்று கேட்டவள் நான், முன்னால் போகாமல் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வங்கியில் 7,400 ரூபாய் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "என்ன டீச்சர், இந்த வெயில்ல வந்திருக்கிய, உக்காருங்க" என்றார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன், வங்கி வரிசை உட்பட. அக்கா சுற்றுவதை நிறுத்தவில்லை. கையிலிருந்த பீடிக்கு நூல் கட்டி முடித்துவிட்டுப் பணத்தை வாங்கி எண்ணினார். 1,850-ஐ எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினார்.

"இது என் பணம். நாலு மடங்கு ஒங்க கணக்கு. அது எனக்கு வேண்டாம்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. புறப்படும்போதுதான் சொன்னார்: "சங்கத்துல வச்சுத்தான சொன்னிய? அங்க வச்சே சொல்லுங்க. எம் மக கல்யாணத்துல ஒருத்தி இத வச்சுப் பேசிட்டா, டீச்சர்."

அது எனக்கு அதுவரை தெரியாது.

போன சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் சொன்னேன். பழைய கணக்கு நோட்டையும், காலிக் கவரையும் காட்டினேன். இளம்பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பெரியம்மா மட்டும், "ஏன் இப்போ இதப் போய்?" என்று முகம் சுளித்தார். இன்னொரு அம்மா எழுந்து, அன்று அக்கா பணம் தந்ததைப் பள்ளி வாசலில் தான் பார்த்ததாகவும், டீச்சருக்கு எதிராகப் பேசப் பயந்து இருந்துவிட்டதாகவும் சொல்லி அழுதார். மீதி 5,550 ரூபாயை அக்காவின் பெயரில் பிடியரிசிக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டேன். அக்காவிடம் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று புதுச் செயலாளர் சொன்னார். சரிதான். பணம் என்னிடமே இருக்கிறது.

ஆனால் 2009-ல் அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது ஊரில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அக்கா பெயரை நான் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். அவர் பணத்தை எடுக்கவில்லை. தந்ததை நான்தான் வாங்கி, எழுதாமல் வைத்தேன். அன்றைக்கு இதை யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

அக்காவிடம் இந்த மாதிரி போன் கிடையாது, இதை வாசிக்க மாட்டார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காலையில் பீடிக் கடைக்குப் போய்விடுவார். மதியம் இரண்டு மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பார்.