நம்ம தெரு மழை

எதிர்வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை விட்டு நன்றாகத் தள்ளி, ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. அதன் தலையில் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு கருவி. ஒரு பக்கம் காற்றில் சுழலும் மூன்று கிண்ணங்களும் திசை காட்டும் வாலும். மறுபக்கம் மழையை வாங்கும் புனல். கீழே அடுக்கடுக்காக வெள்ளைத் தட்டுகள். வெப்பமானி அந்தத் தட்டுகளுக்குள் இருக்கிறது. வெயில் நேரே படக்கூடாது, காற்று மட்டும் புகுந்து போக வேண்டும். உள்ளங்கையளவு சூரியத் தகடும் உண்டு. நடுத்தரமான ஒரு கைபேசியின் விலைக்குள் கிடைத்துவிடுகிற பொருள்தான்.

காலை எட்டேகால் தாண்டியதும் மாடிக் கதவின் தாழ்ப்பாள் ஓசை கேட்கும். எதிர்வீட்டுக்காரர் வருவார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மடித்துக் கட்டிய வேட்டி, பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு, காதில் செருகிய பேனா. வந்ததும் வானத்தை நாலு பக்கமும் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் புனலுக்குள் கை விடுவார். வேப்பஞ்சருகு, காக்கை எச்சம், சில நாள் சிலந்தி வலை. எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பார். அடைத்த புனல் எத்தனை பெரிய மழையையும் தூறல் என்றே சொல்லும்.

சரியாக எட்டரைக்கு எழுதுவார். வானிலை ஆய்வுத் துறைக்கு மழைநாள் என்பது காலை எட்டரை முதல் மறுநாள் காலை எட்டரை வரை. கூடத்தில் இருக்கும் கருவியின் திரை நள்ளிரவில் தேதியை மாற்றிக்கொள்ளும். இவர் நோட்டு மாற்றாது. தன் எண்ணை மீனம்பாக்கம் விமான நிலையத்து எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமே.

மீனம்பாக்கத்து எண் அவருக்கு ஏன் அத்தனை முக்கியம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று கொட்டிய மழைக்கு மறுநாள் காலை வந்த கணக்கில் மீனம்பாக்கம் 35 சென்டிமீட்டர், தாம்பரம் 49. இரண்டும் ஒரே மின்சார ரயில் பாதையில் உள்ள ஊர்கள். நடுவில் திரிசூலம், பல்லாவரம், எங்கள் குரோம்பேட்டை, சானடோரியம். அன்று எங்கள் தெருவில் பெய்தது எவ்வளவு? தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரைக் காட்டிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். பெய்ததை அளந்தவர் ஒருவருமில்லை. குழாயை நட வந்த பிளம்பர், “எதுக்கு சார் இது? போன்லயே வருதே” என்றபோது அவர் சொன்ன பதில் எங்கள் வீட்டு பால்கனி வரை கேட்டது.

“போன்ல வர்றது ஏர்போர்ட்டு மழைப்பா. நம்ம தெரு மழை எங்க வருது?”

புனலின் அடியில் இரண்டு குட்டிக் கரண்டிகள் சீசா பலகை மாதிரி மாறி மாறிச் சாய்கின்றன. ஒன்று நிறைந்து சாய்ந்தால் கால் மில்லிமீட்டருக்குப் பக்கமாக ஒரு கணக்கு ஏறும். ஆனால் பிடித்து ஊற்றும் மழையில், கரண்டி சாயும் அந்த இமைப்பொழுதில் விழுகிற நீர் கணக்கில் சேராது. கருவி குறைத்துச் சொல்லிவிடும். அதற்காகவே சற்றுத் தள்ளித் தனிக் கட்டையில் ஒரு சாதாரண மழைமானியையும் வைத்திருக்கிறார். ஒரு புனல், உள்ளே கோடு போட்ட குழாய், அவ்வளவே. குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய், வளைவின் அடியைப் படிப்பார். இரண்டு எண்ணும் நோட்டில் ஏறும். பெருமழை நாளில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குழாய் சொன்னதன் கீழ்தான் கோடு இழுப்பார். காசு கொடுத்து வாங்கிய கருவியைத் தினமும் சந்தேகப்பட்டுச் சோதிக்கிற இந்தப் பழக்கத்துக்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

சித்திரை, வைகாசியில் மாடி அவர் மனைவியின் கைக்குப் போய்விடும். வேட்டித் துணியில் வடாம். முற்பகல் முழுக்க மேல்காற்று. வெயில் ஏற ஏற ஈரப்பதம் இறங்கும். பிற்பகலில் கடல்காற்று உள்ளே வந்ததும் வால் கிழக்கே திரும்பும், வெப்பம் மளமளவென்று இறங்கும், ஈரப்பதம் குதித்து ஏறும். அந்தக் காற்று வராத, அல்லது தாமதமாக வருகிற நாளில்தான் சென்னை நாற்பது டிகிரியைத் தாண்டித் தகிக்கிறது. அம்மாள் திரையில் எண் பார்த்து நான் கண்டதில்லை. படியில் உட்கார்ந்து வாலைப் பார்ப்பார். “ஏங்க, திரும்பிடுச்சு” என்று குரல் கொடுத்துவிட்டுத் துணியைச் சுருட்டத் தொடங்குவார்.

மாடி போர்ஷனில் குடியிருப்பவர்களின் மகள், எட்டாம் வகுப்பு, ரயில்வேக்காரரிடம் காற்றழுத்தம் கற்றுக்கொண்டாள். சதுரக் கட்டம் போட்ட தாளில் அவர் புள்ளி வைக்கச் சொன்னார், அவள் வைத்தாள். காலை பத்து மணிவாக்கில் ஓர் ஏற்றம், மாலை நாலுக்கு இறக்கம், இரவு பத்துக்கு மறுபடி ஏற்றம், விடியற்காலை நாலுக்கு இறக்கம். வெயில் காற்றுமண்டலத்தைச் சூடேற்றுவதால் நாள்தோறும் எழுகிற அலை இது. நம்மைப் போன்ற வெப்பநாடுகளில்தான் இத்தனை தெளிவாகத் தெரியும். வித்தியாசம் சில ஹெக்டோபாஸ்கல், அவ்வளவே. “தாத்தா, நேத்தும் பத்து மணிக்குத்தான்!” என்று அவள் மாடிப்படியில் கத்திக்கொண்டு ஓடினாள்.

2023 டிசம்பர் 3. மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி வந்துகொண்டிருந்த இரவு. தெருவில் மின்சாரம் இல்லை. அவர் வீட்டு ஜன்னலில் மட்டும் டார்ச் வெளிச்சம். பேட்டரியில் ஓடும் திரையை ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அவரும் மாடி போர்ஷன் பெண்ணும் பார்த்தார்கள். இரவு பத்துக்கு ஏற வேண்டிய அழுத்தம் ஏறவில்லை. அந்தப் பெண் திரும்பத் திரும்பத் தாளைக் காட்டினாள். அவர் தலையசைத்துவிட்டு எழுந்து போய்த் தன் ஸ்கூட்டரை மேட்டு வீட்டு வாசலுக்குத் தள்ளினார். பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

தெருக்கோடிப் பள்ளத்தில் இஸ்திரி வண்டி. வண்டிக்காரர் ஆரம்பத்தில் தினமும் கேட்பார்: “மழை வருமா சார்?” “வருமான்னு எனக்குத் தெரியாதுப்பா. வந்தா எவ்வளவுன்னு சொல்றேன்.” பெய்து முடிந்த பிறகு எண் எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் நோட்டில் கடைசிக் கட்டம் ஒன்று இருந்தது: தண்ணீர் எதுவரை வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் சாக்கடை வாய் பொங்குகிறது, எத்தனைக்கு வண்டிச் சக்கரம் நனைகிறது, எத்தனைக்கு மூலை வீட்டுப் படி முழுகுகிறது. மழைக்குப் பின் குடை பிடித்து நடந்து போய்ப் பார்த்துப் பார்த்து எழுதியது. மழைக்காலம் வர வர அந்தக் கட்டம் நிரம்பியது. வண்டிக்காரரின் சக்கரத்துக்கு ஐம்பது.

போன ஐப்பசியில் ஒரு பிற்பகல். வானம் இருண்டு, பேச்சுக் கேட்காத மழை. மாடிப்படிக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அவர் கத்தினார்.

“முப்பத்தெட்டு ஆயிடுச்சு! அரை மணிகூட ஆகல!”

வண்டிக்காரர் வேறெதுவும் கேட்கவில்லை. கரியை அணைத்தார், துணி மூட்டைகளைத் தார்ப்பாயில் சுற்றினார். மேட்டு வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவிட, இரண்டு பையன்கள் ஓடி வந்து வண்டியில் தோள் கொடுத்தார்கள்.

“இப்ப எவ்வளவு சார்?”

“நாப்பத்தொண்ணு. ஏறிட்டேதான் இருக்கு, தள்ளுப்பா!”