எந்த வயசுல ஆரம்பிக்கணும்? எப்போ நிறுத்தணும்?

கோடிங், சினிமான்னு மொக்கை போட்டது போதும். இந்தத் தடவை கொஞ்சம் சீரியஸ் பதிவு மக்களே.

ஸ்ரீரங்கத்துல இருக்கற என் அக்கா பையனுக்கு அஞ்சரை வயசு. உத்திர வீதியில ஒரு முனையில கையை விட்டா அடுத்த முனையிலதான் பிடிக்க முடியும். பாட்டிக்கு அது வெறும் வாலுத்தனம். ஸ்கூல்லயோ, "மாத்திரை ஆரம்பிங்க, இல்லைன்னா டி.சி. வாங்கிக்கோங்க"ன்னுட்டாங்க.

தில்லைநகர் டாக்டர் ஏ.டி.ஹெச்.டி.யா இருக்கலாம்னார். ஆனா மாத்திரை எழுதல. முதல்ல அக்காவும் அத்திம்பேரும் பயிற்சிக்கு வரணுமாம். "இது நாளைக் கடத்தறதா? ஆரம்பிச்சா ஆயுசு பூரா சாப்பிடணுமாடா?"ன்னு அக்கா போன்ல அழுதா. உட்கார்ந்து தேடிப் படிச்சேன்.

நாளைக் கடத்தறது இல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்போட 2019 வழிகாட்டுதல்படி, 4, 5 வயசுக்கு முதல் சிகிச்சையே பெற்றோருக்கான பயிற்சிதான். ஒரு நேரத்துல ஒரே வேலை சொல்றது, செஞ்ச உடனே பாராட்டறது, சின்னச் சேட்டையைக் கண்டுக்காம விடறது... இப்படி. அது போதாம, பாதிப்பும் அதிகமா இருந்தாத்தான் மீதைல்ஃபெனிடேட் பத்தி யோசிக்கணும். 6 வயசுக்கு மேல மருந்தும் பயிற்சியும் சேர்ந்து.

சரி, எவ்வளவு நாள்? ஆன்டிபயாடிக் மாதிரி அஞ்சு நாள் கோர்ஸ் கிடையாது. சாதாரண மீதைல்ஃபெனிடேட் சில மணி நேரம்தான் வேலை செய்யும். அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 7லேர்ந்து 9 வயசு வரை உள்ள 579 குழந்தைகளை வச்சு எம்.டி.ஏ.ன்னு ஒரு ஆய்வு. 14 மாச முடிவு 1999ல வந்தது: கவனமா அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, வெறும் நடத்தைப் பயிற்சியை விட அறிகுறிகளை நல்லாக் குறைச்சது. ஆனா 3 வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ குழுக்களுக்குள்ள வித்தியாசமே இல்ல (2007ல வெளியானது). மருந்து வேஸ்ட்னு அர்த்தமில்ல. நடுவுல சிலர் நிறுத்திட்டாங்க, மத்த குழுவுல சிலர் ஆரம்பிச்சுட்டாங்க. போன வருஷம் தேவைப்பட்டது இந்த வருஷமும் தேவையான்னு திரும்பத் திரும்பப் பார்க்கணும், அவ்ளோதான்.

பிரிட்டனோட நைஸ் அமைப்பும் 2018ல இதையேதான் சொல்லுது: வருஷத்துக்கு ஒரு தடவையாவது மருந்தை மறுபரிசீலனை பண்ணணும். நிறுத்திப் பார்க்கறதா இருந்தா டாக்டர் சொல்லித்தான். பசி, உயரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் கவனிக்கணும்.

அக்காகிட்ட சொன்னேன்: "ஆயுசுக்கும் இப்பவே முடிவெடுக்க வேண்டாம். அடுத்த ஆறு மாசத்துக்கு மட்டும் யோசி." பயிற்சிக்குப் போறாங்க. மாத்திரை தேவைப்பட்டா அதை டாக்டர் சொல்லட்டும், ஸ்கூல் இல்ல.

இதைக் கடந்து வந்த அப்பா அம்மா யாராவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்களேன். அக்காவும் படிப்பா :-)