லாச்சப்பலிலிருந்து ஒரு கமக்காரனுக்கு

மச்சான்,

இங்கத்தைய கமக்காரன் அரசாங்க உதவியை எங்கே போய்க் கேட்கிறான் என்று எழுதியிருந்தாய். பாரிஸ் நகரத்து லாச்சப்பலில் குந்தியிருந்து இதற்குப் பதில் எழுதுவது பகிடிதான். இந்தத் தெருக்களில் தோட்டமண்ணைக் காண்பதென்றால் கடை வாசலில் வந்திறங்கும் மரவள்ளிக்கிழங்கில்தான் பார்க்கவேண்டும். ஆனால் கார் து நோர் ரயில் நிலையம் நடைதூரம். அங்கே ரயிலேறிப் பொந்துவாஸில் இறங்கி, வெக்சன் பக்கம் போனால் கண்ணுக்கெட்டியமட்டும் கோதுமையும், சீனி எடுக்கிற பீட்ரூட்டும். போய்ப் பார்த்தேன், விசாரித்தேன்.

எங்கட கமநல சேவை நிலையம் போல ஊர்ப்பக்கத்தில் ஒன்றை இங்கே எதிர்பார்க்காதே. மாவட்டத்துக்கு ஒரு அரச கந்தோர். வெக்சன்காரருக்கு அது சேர்ஜியில். ஆனால் கந்தோர்ப் படி ஏறுகிறவன் குறைவு. ஏப்பிரலிலிருந்து மே நடுப்பகுதி வரை எல்லாரும் 'தெலெபாக்' என்ற இணையத்தளத்தில், ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தின்மேல் தங்கள் வயலைக் கீறுகிறார்கள். எல்லை, பயிர், குளம், மரம், வேலி எல்லாம் அதில் வரவேண்டும். 1962இல் தொடங்கிய ஐரோப்பியப் பொது விவசாயக் கொள்கையின் காசு இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வருகிறது. பிரான்சுக்கு மட்டும் வருசத்துக்கு ஏறக்குறைய 900 கோடி யூரோ. 2023 முதல் செய்மதியும் மேலிருந்து பார்க்கிறது. சொன்ன பயிர் அதன் கண்ணுக்குத் தெரியாவிட்டால், கமக்காரன் வயலில் நின்று தொலைபேசியில் படமெடுத்து அனுப்பவேண்டும். கீறத் தெரியாதவருக்கு விவசாயச் சபை இருக்கிறது. கமக்காரரே வாக்குப்போட்டு நடத்துகிற சபைதான், ஆனாலும் பாரம் நிரப்பித்தரக் காசு கேட்கும்!

உனக்குச் சிரிப்பு வரப்போகிற விசயம் வேலி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, உழவு மெசின் தடையில்லாமல் ஓடவென்று அரசாங்கமே துண்டு நிலங்களை ஒன்றாக்கி உயிர்வேலிகளைக் கிளப்பியது. 1950இலிருந்து நூற்றுக்கு எழுபது பங்கு வேலி போய்விட்டதாம். மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடவும், குருவிகள் குறையவும்தான் புத்தி வந்தது. இப்போது வேலி வைத்திருப்பவனுக்கு ஹெக்டேயருக்கு 20 யூரோ மேலதிகம். முந்தி 7தான் இருந்தது. காணியில் நூற்றுக்கு ஆறு பங்காவது வேலி நிற்கவேண்டும், அதைச் சரியாகப் பராமரிப்பதற்கு அத்தாட்சியும் வேண்டும். மார்ச் நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரை கொப்பு வெட்டக்கூடாது, கூடு கட்டுகிற காலம். எங்கட கிளுவையையும் பூவரசையும் தறித்து மதில் கட்டுகிறவர்களுக்கு இதை வாசித்துக் காட்டு.

எல்லாம் ஒழுங்கென்று நினைக்காதே. 2024 ஜனவரியில் கமக்காரர் உழவு மெசின்களைக் கொண்டுவந்து பாரிஸுக்கு வரும் பெருந்தெருக்களை மறித்தார்கள். வேலிக்கு மட்டும் 14 விதிமுறைகள் இருக்கின்றன என்று பிரதமரே அப்போது ஒத்துக்கொண்டார். மண்ணையும் தண்ணீரையும் காக்கிற ஐந்து வருச ஒப்பந்தங்களும் எல்லாருக்கும் கிடையாது. அந்தந்தப் பகுதிக்கென்று திட்டம் போட்டு நடத்த ஒரு இயற்கைப் பூங்காவோ விவசாயச் சபையோ முன்வந்திருந்தால்தான் கிடைக்கும். ஆகவே "உதவி இருக்கிறதா?" என்று பொதுவாய்க் கேட்டால் ஒன்றும் நடக்காது. "இந்த இடத்துக்கு இந்த வருசம் என்ன திறந்திருக்கிறது?" என்று கேட்கவேண்டும்.

எனக்கு உறைத்தது வேறொன்று. இங்கே கமக்காரர் செய்கிற நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை. ஆனால் காசு காணிச் சொந்தக்காரனுக்குப் போவதில்லை, விதைக்கிறவனுக்குத்தான். குத்தகைச் சட்டம் 1946இலேயே உறுதியாகிவிட்டது. ஒப்பந்தம் குறைந்தது ஒன்பது வருசம். நீ பரந்தனில் செய்கிற வயல் யாருடையது? இந்த லாச்சப்பலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறவருடையது. வாய்ப்பேச்சுக் குத்தகை. கமநலப் பதிவேட்டில் உன் பெயர் இல்லாவிட்டால், நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் உரமானியம் அறிவித்தாலும் உன் கைக்கு எப்படி வரும்?

அவரை நேற்றுக் கண்டு கதைத்தேன். வயலை நீதான் செய்கிறாய் என்று கடிதம் எழுதித் தர முதலில் பின்னடித்தார். காணி கைவிட்டுப் போய்விடும் என்ற பயம், அது நியாயமும்தான். இத்தனை வருசத்துக்கு மட்டும் என்று போட்டு எழுதலாம் என்றதும் இறங்கி வந்தார். நீ ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து, கமக்காரர் அமைப்புச் செயலாளரிடம் எந்த மாதிரிக் கடிதம் வேண்டும் என்று கேட்டு உடனே அறிவி. மாரிக்கு விதைக்க முதல் பதிந்துவிடவேண்டும்.