பழைய சர்வர், புதிய டெபியன்

திங்கள்

அக்காவின் டியூஷன் சென்டருக்காக வாங்கிய பழைய டெல் ஆர்710 சர்வர் மலாக்கா, புக்கிட் காத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 2009-இல் வெளிவந்த மாடல். சுவிட்சைத் தட்டியதும் ஃபேன்கள் எல்லாம் ஒரே மூச்சில் சுற்ற, அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா, தோட்டத்து ரப்பர் மில்லை வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா?"

மெமரியைச் சரிபார்த்து, டிஸ்க் கார்டை எழுப்பி, பூட் மெனு வருவதற்குள் ஒரு தே தாரிக் குடித்துவிடலாம். பத்து நிமிஷத்தில் ஏறும் ஓ.எஸ். என்ற பெருமை இங்கே எடுபடாது. நெட்வொர்க் கார்டையும் டிஸ்க் கார்டையும் இன்ஸ்டாலர் தானாகக் கண்டுகொள்கிறதா? எனக்கு அதுதான் கணக்கு.

செவ்வாய்

எந்த ஓ.எஸ். பொருந்தும் என்று ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கிறேன். முதலில் டெபியன் 13. இந்தச் சர்வரின் நெட்வொர்க் சிப் பிராட்காம் 5709. அது எழும்ப ஒரு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். அதற்கு மூலநிரல் கிடையாது. கட்டற்ற மென்பொருள்தான் என்று பிடிவாதமாக நின்ற டெபியன், 11-ஆம் பதிப்பு வரை அதைத் தன் அதிகாரபூர்வ இமேஜில் சேர்க்கவில்லை. இன்ஸ்டால் பாதியில் நின்று, 'இந்தக் கோப்பு இருந்தால் பென்டிரைவில் கொடு' என்று கேட்கும். நெட் இல்லாத பெட்டி, நெட்டில் மட்டும் கிடைக்கும் கோப்பைக் கேட்கும்! 2022-இல் டெபியன்காரர்கள் வாக்கெடுப்பு நடத்திப் பிடியைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. கொள்கைவாதிகளுக்கு வருத்தம் இருக்கும். எனக்கு இல்லை. இன்று ஒரு கேள்வியும் கேட்காமல் ரூட்டரிடமிருந்து ஐ.பி. வாங்கிக்கொண்டது.

கிராபிகல் இன்ஸ்டாலின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. வெறும் எழுத்துத் திரையில் இல்லை. அந்தத் திரைக்குத் தமிழைக் கோத்துக் காட்ட வராது. சர்வர் வேலை செய்பவர்களோ பெரும்பாலும் அந்தக் கறுப்புத் திரையையே கட்டிக்கொண்டு அழுபவர்கள். யாரோ உட்கார்ந்து தமிழாக்கிய அத்தனை பக்கங்களும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நான் வேண்டுமென்றே தமிழிலேயே கடைசி வரை போனேன். பார்ட்டிஷன் பக்கத்தில் மட்டும் நிதானித்து வாசிக்க வேண்டியிருந்தது.

புதன்

உபுண்டு சர்வர். 18.04-இலிருந்து சுபிக்விட்டி என்ற சொந்த இன்ஸ்டாலர். பார்க்க லட்சணம், எண்டர் தட்டிக்கொண்டே போகலாம். ஆனால் டிஸ்க் 200 ஜிபிக்கு மேல் என்றால், எல்விஎம்மில் ரூட்டுக்கு 100 ஜிபிதான் தானாக ஒதுக்கும். மிச்சம் சும்மா கிடக்கும். பிறகு நீட்டிக்கொள்ளலாம் என்பது அதன் நியாயம். பாட வீடியோக்களைக் கொட்டப்போகிற அக்காவுக்கு இந்த நியாயம் புரியாது, கையால் மாற்றினேன்.

வியாழன்

ரெட் ஹாட் குடும்பம். இந்தச் சர்வரில் இருக்கும் பெர்க் எச்700 மாதிரியான பழைய டிஸ்க் கார்டுகளுக்கான ஆதரவை ரெட் ஹாட் 8-ஆம் பதிப்பிலேயே எடுத்துவிட்டது. கார்டு தெரியாவிட்டால் டிஸ்க்கே இல்லை. சென்டோஸ் 7-க்கு அந்தத் தொல்லை கிடையாது. அதன் காலமும் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. எடுத்ததைத் திரும்பச் சேர்த்தது ஆல்மாலினக்ஸ், 9.4 பதிப்பில். அதனால் நேரே அதற்கே போனேன். டிஸ்க் தெரிந்தது. வியாபாரத்துக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட கார்டை இப்படி எடுத்து ஆதரிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

வெள்ளி

பிஎஸ்டி பக்கம். ஃப்ரீபிஎஸ்டியில் பிராட்காம் ஃபர்ம்வேர் டிரைவருக்குள்ளேயே இருக்கிறது. நெட் உடனே வந்தது. ஆனால் அதில் போய் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைக்காமல் என்ன பயன்? இசட்எஃப்எஸ் டிஸ்க்கை நேரடியாகக் கேட்கும். எச்700 அப்படிக் கொடுக்காது. ஒவ்வொன்றையும் தனி ரெய்டு 0 ஆக்கி ஏமாற்ற வேண்டும். நாளைக்கு ஒரு டிஸ்க் போனால் கார்டின் மெனுவுக்குள் போய் அல்லாட வேண்டும்.

ஓப்பன்பிஎஸ்டி? இத்தனையிலும் அதுதான் சுலபம். கேள்வி, எண்டர், கேள்வி, எண்டர். தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கும்போதே மாலை இடி இடித்துக் கரண்ட் போனது. அதன் ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல் கிடையாது. திரும்ப எழும்பியதும் டிஸ்க்கைத் துழாவ ஆரம்பித்தது. மலாக்கா மழைக்கு இது சரிப்படாது.

சனி

அக்கா வந்திருந்தார். "தம்பி, எதப் போட்டாலும் சரி, புள்ளைங்க கேட்டா எஸ்பிஎம் பரீட்சை பேப்பர் ஓப்பன் ஆகணும்."

டெபியன்தான். கன்ட்ரோல்-ஆர் அழுத்திக் கார்டிலேயே ரெய்டு 1 போட்டு, மறுபடி ஏற்றிவிட்டேன். 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். யூபிஎஸ் ஒன்றுக்கு அக்காவிடம் பணம் கேட்டிருக்கிறேன்.