தண்ணீர்மலைக்குப் போகும் வழியில்

பினாங்குத் தண்ணீர்மலை என்றதும் தைப்பூசமும் காவடியும் சாலையெங்கும் உடைபடும் தேங்காய்களும்தான் உங்கள் கண்முன் வந்து நிற்கும். நான் இம்முறை போனதோ திருவிழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. என்னுடன் என் தங்கை மகளும் அவளுடைய மூன்று வயதுப் பையனும் வந்தார்கள்.

பையன் நடக்க மாட்டான். அவனுக்குத் தலை நிற்கவே ஒன்றரை வயதாயிற்று. தூக்கி நிறுத்தினால் இரண்டு கால்களும் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும். "ஆம்பிளைப் பிள்ளை, மெதுவாகத்தான் நடப்பான்" என்று லயத்துப் பாட்டிமார் சொன்னார்கள். பார்த்த கிளினிக்கிலும் "பொறுத்துப் பாருங்கள்" என்றார்கள். பொறுத்ததில் இரண்டு வருடம் ஓடிப்போயிற்று. எண்ணெய் தேய்த்தோம், தாயத்துக் கட்டினோம். அதையெல்லாம் இங்கே மறைப்பானேன்?

1985ஆம் ஆண்டிலிருந்தே கடலுக்கு மேல் பாலம் இருக்கிறது. ஆனால் கார் இல்லாதவர்களுக்குப் பட்டர்வொர்த்திலிருந்து பெரிதான் வசதி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு வருகிற தாய்க்கு அந்தக் கடல் அகலம்தான்.

பெரிய ஆஸ்பத்திரி ஜாலான் ரெசிடென்சியில் இருக்கிறது. குழந்தை வைத்தியர் பார்த்துவிட்டு, இது பெருமூளை வாதம் என்றார். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில நாளிலோ மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றினாலும் இது வரலாம். தொற்றாது. மூளையில் பட்ட அந்தக் காயம் வளர்ந்துகொண்டும் போகாது. ஆனால் பயிற்சி இல்லாமல் விட்டால் தசைகள் இறுகிக் குறுகி, மூட்டுகள் மடங்கிப்போகும். உடல் முடங்கியிருப்பதால் அறிவும் முடங்கியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல அறிவுள்ள பிள்ளைகள் பலர் வாய்திறந்து சொல்ல முடியாமல் இருக்கிறார்கள்.

"நான் வயிற்றோடு இருக்கும்போது ஏதும் தப்புப் பண்ணிவிட்டேனா, பெரியம்மா?" என்று அவள் என் காதோடு கேட்டாள். லண்டனில் லிட்டில் என்ற வைத்தியர் 1861ஆம் ஆண்டில் இதைக் கடினமான பிரசவத்தோடு முடிச்சுப் போட்டார். வியன்னாவில் பிராய்டு 1897இல், கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என்றார். அத்தனை பெரிய வைத்தியர்களே காரணத்தைப் பற்றி வாதாடியிருக்கும்போது, தாயின் தலையில் பழியைப் போட நமக்கு என்ன உரிமை?

நிற்க. உடற்பயிற்சிப் பிரிவில் நடந்ததைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கிருந்த சீனப் பெண்மணி மருந்து தரப்போகிறார், கருவியில் வைக்கப்போகிறார் என்று எதிர்பார்த்தோம். அவரோ எங்கள் பிள்ளையின் தாயைத் தரையில் உட்காரச் சொன்னார். "இனி உங்கள் கைதான்" என்று மலாயில் சிரித்தார். பின்னிய கால்களைக் கணுக்காலைப் பிடித்து இழுத்துப் பிரிக்கக் கூடாது. இழுத்தால் இன்னும் இறுகும். முதலில் இடுப்பையும் முழங்காலையும் மெல்ல மடக்க வேண்டும். பிறகு முழங்காலுக்கு மேலே பிடித்து விரிக்க வேண்டும். அவள் செய்தாள். கால் விட்டுக்கொடுத்தது. அவளுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

சுருட்டிய துண்டின் மேல், குதிரையில் ஏறுவதுபோல் இருபுறமும் கால்போட்டு உட்காரவைப்பது அடுத்த பாடம். சோறு ஊட்டும்போது தலையை அண்ணாந்து பார்க்கவிடக் கூடாது, புரையேறும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, முன்னாலிருந்து ஊட்ட வேண்டும். எங்கள் வீடுகளில் மடியில் மல்லாத்திப் போட்டுத்தானே ஊட்டினோம்?

அடுத்த தவணைக்கு ஆறு வாரம் ஆகும். இந்த ஆறு வாரமும் வைத்தியம் நடக்கப்போவது லயத்து வாசலில்தான். ஆகவே, நிபுணரைத் தேடிப் போகிற பெற்றோர் செய்துகாட்டுவதைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல், அங்கேயே தங்கள் கையால் செய்துகாட்டித் திருத்திக்கொண்டு வர வேண்டும். தகப்பனும் கூடப் போவது நல்லது.

தாள் வேலையும் உண்டு. வைத்தியர் எழுதிக்கொடுக்கும் பாரத்தைச் சமூகநல இலாகாவில் கொடுத்து ஓ.கே.யூ. அட்டைக்குப் பதிவு செய்யலாம். வீட்டுக்கு அருகில் பி.டி.கே. நிலையம் எங்கே இருக்கிறது என்றும் அங்கேயே விசாரியுங்கள். 1984இல் திரங்கானுவில் தொடங்கிய இந்த ஏற்பாடு, பயிற்சியைப் பிள்ளையின் ஊருக்கே கொண்டுவருவதற்காக வந்தது. பினாங்கில் பெருமூளை வாதச் சிறுவர்களுக்கென்றே தனிச் சங்கமும் உண்டு.

மத்தியானம் ஜாலான் உத்தாமா வழியாகத் தண்ணீர்மலைக்குப் போனோம். 1884இல் அமைத்த பூந்தோட்டமும், அந்த அருவியும், 2012இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலும் இந்தப் பக்கந்தான். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது இவனைத் தைப்பூசத்தில் கரும்புத் தொட்டிலில் போட்டு இங்கே தூக்கி வந்திருக்கிறார்கள். இப்போது அவன் கனம். 500க்கு மேற்பட்ட படிகள்!

"ஏறுவோமா?" என்றேன். அவள் மலையைப் பார்த்தாள். "அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கலாம், பெரியம்மா. முதுகு போய்விட்டால் நாளைக்கு யார் இவனுக்குப் பயிற்சி கொடுப்பது?"

பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்த துண்டைச் சுருட்டினாள். முழங்காலுக்கு மேலே பிடித்துக் கால்களை மெல்ல விரித்து, அவனை அதன்மேல் உட்காரவைத்தாள். மரத்தில் ஒரு குரங்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பதற்காக அவன் தானாகவே தலையை நிமிர்த்தினான்.