மறுபடியும் மெக்சிகோ

போன தடவை நான் மெக்சிகோ போய் வந்ததைக் குறிப்பிட்டபோது, "அந்த ஊருக்கா? பயமாக இல்லையா?" என்று சிலர் கேட்டீர்கள். பயம் இருந்தது. ஆறு வருடம் இருந்தது. அது எப்படிப் போனது என்பதை உள்ளபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2017-இல் மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் மெக்சிகோ நகரத்துக்குப் போனோம். மருமகனுக்கு அங்கே வேலை. நர்வார்த்தே என்ற பகுதியில் மூன்றாவது மாடியில் வீடு. படிக்கட்டுச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஸ்பானிஷும் பிரெஞ்சும் பங்காளி மொழிகள் என்பதால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். நிலநடுக்கம் வந்தால், "ஓட மாட்டேன், கத்த மாட்டேன், தள்ள மாட்டேன்." படித்துவிட்டேன் என்று மகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 19. 1985-இல் அதே தேதியில் வந்த பெரும் நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்ததால், ஒவ்வொரு வருடமும் அன்று ஒத்திகை நடக்கும். காலை 11 மணிக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கி ஏறினோம். மதியம் 1.14-க்கு உண்மையான நிலநடுக்கம் வந்தது. அளவு 7.1.

பசிபிக் கரையோரம் நிலம் நடுங்கினால், அங்குள்ள கருவிகள் உணர்ந்து, அதிர்ச்சி நகரத்துக்கு வந்து சேருமுன் ஏறக்குறைய ஒரு நிமிட அவகாசம் கொடுத்துச் சங்கு ஊதும். ஆனால் அன்று நடுங்கிய இடம் நகரத்துக்குப் பக்கம். தரை ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் சங்கு கேட்டது. நகரத்தின் பெரும்பகுதி பழைய ஏரிப் படுகை மேல் கட்டியது. மண் இளகல், அதனால் ஆட்டமும் அதிகம்.

மகள் குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை மனைவியின் மடியில். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். ஓடினேன். மூன்று மாடியும் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. தெருவில் நின்று பார்த்தபோதுதான் என் இரண்டு கையும் காலியாக இருப்பது தெரிந்தது. ஆட்டம் நின்ற பிறகு மனைவி குழந்தையை மார்போடு அணைத்தபடி இறங்கி வந்தாள். பின்னால் ஈரத் தலையோடு மகள்.

எங்கள் கட்டடம் தப்பியது, விரிசலோடு. சுற்றுவட்டாரத்தில் இடிந்தவை பல. இடிபாடு அகற்றுகிறவர்கள் திடீரென்று முஷ்டியை உயர்த்துவார்கள். தெருவே அமைதியாகிவிடும். உள்ளே யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்க. அந்த அமைதி என் காதில் வெகுநாள் இருந்தது.

ஊர் திரும்பிய பின், மகள் கூப்பிடும்போதெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "உங்கம்மாவுக்குப் பயம்மா." 2019-இல் குலியாகான் நகரில் போதைக் கும்பல் நடத்திய துப்பாக்கிச் சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, எனக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. பிறகு கொரோனா. 2022-இல் மறுபடியும் அதே செப்டம்பர் 19-இல் 7.7 அளவில் நிலநடுக்கம். "பார்த்தியா?" என்றேன்.

ஒரு நாள் மனைவி ஃபோனை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குப் பயம்னு நான் எப்பங்க சொன்னேன்? நீங்க அன்னைக்கு ஓடினது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதுக்காகப் பேரனைப் பார்க்காமலே இருந்திட முடியுமா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆறு வருடம் நான் ஒளித்து வைத்ததாக நினைத்தது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அப்புறம் குமாஸ்தா புத்தி வேலை செய்தது. ஒரு கோப்பு போட்டேன். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம் பயணிகளுக்காக ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு நிறத்தில் வரைபடம் வெளியிடுகிறது. அமெரிக்க அரசு மாநிலவாரியாக நான்கு படி வைத்திருக்கிறது. அப்போது குலியாகான் இருக்கும் சினலோவா நான்காம் படி, போகவே வேண்டாம். தலைநகரம் இரண்டாம் படி, கவனம் தேவை. யுகாத்தான் முதல் படி. குலியாகானுக்கும் தலைநகருக்கும் சாலை வழியே 1,200 கிலோமீட்டருக்கு மேல். காஷ்மீரில் குண்டு வெடித்தது என்று ஒருவர் புதுச்சேரி வர மறுத்தால் நாம் என்ன சொல்வோம்?

2024 ஜனவரியில் போனோம். சில விதிகளை விடாமல் கடைப்பிடித்தோம். தெருவில் டாக்சியைக் கை காட்டி நிறுத்துவதில்லை, செயலியில் வரவழைப்பது. வங்கிக்கு உள்ளே இருக்கும் ஏ.டி.எம். மட்டும். வெளியூர்ப் பயணம் பகலில், முதல் வகுப்புப் பேருந்தில், சுங்கச் சாலை வழியாக. வாசலருகே ஒரு பை, எல்லோர் செருப்பும். குலுங்கினால் குழந்தை யார் பொறுப்பு என்று மகள் கேட்டாள். "என் பொறுப்பு" என்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரப் பயணத்தில் புயெப்லா போனோம். 1862 மே 5-இல் மூன்றாம் நெப்போலியனின் படையை மெக்சிகோக்காரர்கள் தோற்கடித்த ஊர். பிரெஞ்சுப் பள்ளியில் எனக்கு நினைவிருக்கும்படி யாரும் சொல்லித்தராத பாடம் அது. கோட்டை மேட்டில் நின்று பேரனுக்கு நான் சொன்னேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, காலையில் தெருவில் திடீரென்று ஒலிபெருக்கி அலறியது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பாய்ந்து போய்ப் பேரன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். அவன் சிரித்தான். "தாத்தா, அது பழைய இரும்பு வாங்குற வண்டி!" ஒரு சிறுமியின் குரலில் பதிவு செய்தது. மெத்தை, ஃபிரிட்ஜ், அடுப்பு, சலவை எந்திரம், பழைய இரும்பு எல்லாம் வாங்குகிறோம் என்று தினமும் தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு போகிறது. நம் ஊர்ப் பழைய பேப்பர்க்காரர் மாதிரிதான்.

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், நான் பிடித்திருந்த சின்னக் கையைப் பார்த்தாள். "காப்பி ஆறுதுங்க, வாங்க" என்றாள்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது அதையும் கூட அழைத்துக்கொண்டு போகிறேன். அடுத்த டிசம்பருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒத்திப்போட்ட பயணம் ஏதாவது இருந்தால், உண்மையில் பயம் யாருக்கு என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.